தண்ணீர் மேல் போட்ட பழி

நகரத்தின் நீரேற்று நிலையத்தில் தண்ணீருக்குக் குளோரின் போடுவது அவருடைய உத்தியோகம். வீட்டுக்கு வந்து அதே குளோரினை வெளியேற்றுவது அவருடைய பொழுதுபோக்கு. பகலெல்லாம் ஊர் குடிக்கும் தண்ணீரில் அளந்து சேர்த்த சரக்கை, மாலையில் பிளாஸ்டிக் டிரம்களில் பிடித்து, மூடியைத் திறந்து வைத்து, காற்றுக் குழாய் விட்டுக் குமிழி ஓட்டி விரட்டிக்கொண்டிருப்பார். அலுவலகத்தில் அவருக்குக் குளோரின்காரர் என்றே பெயர். சம்பளச் சீட்டில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

மகளுக்குக் கல்யாணமாகி அவள் வெளியூர் போன வாரமே, அவளுடைய அறைக்குள் நான்கடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று குடிவந்தது. கட்டில் மடித்து மாடிப்படிக்குக் கீழே போயிற்று. அந்த அறையில்தான் ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழும் என்பதால், ரவிக்கை தைக்கும் மனைவியின் மெஷினும் அங்கேயே இருந்தது. ஆக, ஒரு சுவரோரம் மீன், எதிர்ச் சுவரோரம் தையல். நடுவில் குளோரின்காரர் உட்கார ஒரு ஸ்டூல். மனைவிக்கு அவர் விதித்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று: தொட்டி விஷயத்தில் தலையிடக் கூடாது. தொட்டிக்குள் நூல்துண்டு விழக் கூடாது என்பது துணைச்சட்டம்.

அவர் வளர்த்தது ஏஞ்சல் மீன். தட்டு மாதிரித் தட்டையான உடம்பு, மேலும் கீழும் பாய் விரித்தது போலத் துடுப்பு. பார்க்கக் கம்பீரம். குணத்தில் ஒரு குறை உண்டு: தான் போட்ட முட்டையைத் தானே தின்றுவிடும். அதனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் முட்டை போட்ட கையோடு அதைப் பிரித்தெடுத்து, நீல மருந்து கலந்த பாட்டிலில் வைத்துப் பொரிக்கவிடுவார்கள். இப்படிப் பல தலைமுறையாகப் பாட்டிலில் பிறந்த மீன்களுக்குப் பிள்ளை வளர்ப்பது என்றால் என்னவென்றே மறந்துபோய்விட்டது. கடையில் கிடைக்கும் ஏஞ்சல்களில் அப்பா அம்மா முகம் பார்த்து வளர்ந்தது ஒன்றுகூடத் தேறாது.

குளோரின்காரருக்கு இருந்த ஆசை ஒன்றே. பாட்டில் வேண்டாம், மருந்து வேண்டாம். அப்பாவும் அம்மாவும் இரண்டு பக்கம் காவல் வர, நடுவில் குஞ்சுக் கூட்டம் ஒரு சின்ன மேகம் மாதிரி நகர்ந்து போவதை வாழ்க்கையில் ஒருமுறை தன் வீட்டில் பார்த்துவிட வேண்டும். ஓய்வுபெற்ற பிறகு உலகம் சுற்றலாம் என்று ஆசைப்படுகிறவர்களை விட இது சிக்கனமான ஆசை என்று நாம் நினைக்கலாம். மின்கட்டணம் கட்டிய மனைவி அப்படி நினைக்கவில்லை.

ஏஞ்சலில் ஆண் பெண் அடையாளம் வெளியே தெரியாது. அதனால் அதுகளையே ஜோடி சேர விட்டுவிடுவதுதான் வழக்கம். அவரும் ஆறு குட்டிகளை ஒன்றாக வளர்த்தார். அதில் பெரியதும் சின்னதுமாக இரண்டு மட்டும் சேர்ந்துகொண்டு மற்ற நான்கையும் ஒரு மூலையில் நெருக்கின. ஜோடி அமைந்துவிட்டது என்று அந்த நான்கையும் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். தொட்டிக்குள் சாய்த்து வைத்த குளியலறை டைல்ஸ் துண்டின் மேல் அந்த ஜோடி முட்டை போட்டது. கொஞ்சநஞ்சமில்லை, அந்த டைல்ஸ் ஓடே தெரியாத அளவுக்கு. அதைத் தின்னவும் இல்லை. மாற்றி மாற்றித் துடுப்பால் விசிறிக்கொண்டு நின்றது. குளோரின்காரர் ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். மறுநாள் முட்டைகள் ஒவ்வொன்றாக வெளுத்துப் பூஞ்சை பிடித்தன. அடுத்த தடவையும் அப்படித்தான். அதற்கடுத்த தடவையும்.

தண்ணீர்த் துறையில் இருப்பவருக்கு உலகத்தில் எது கெட்டாலும் காரணம் தண்ணீராகத்தான் தெரியும். கிணற்றுத் தண்ணீர் மாற்றினார். மழைத் தண்ணீர் பிடித்தார். கொதிக்க வைத்து ஆறவைத்தார். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்தார். அலுவலகப் பரிசோதனைக் கூடத்துக்குப் பாட்டிலில் கொண்டுபோய், யாரோ நுகர்வோர் புகார் கொடுத்ததாகச் சொல்லி அலசிப் பார்க்க வைத்தார். "குடிக்க உகந்தது" என்று முடிவு வந்தது. மீன்கள் குடித்துக்கொண்டுதான் இருந்தன.

மனைவியின் தம்பி லிஃப்ட் மெக்கானிக். மொட்டைமாடிச் சிமெண்ட் தொட்டியில் கப்பி மீன் வைத்திருந்தார். கப்பி வளர்க்க ஒரு திறமையும் வேண்டாம். இரண்டைப் போட்டுவிட்டு மறந்துபோனால் போதும், அடுத்த தடவை எட்டிப் பார்க்கும்போது ஒரு பள்ளிக்கூடமே நீந்தும். அவர் வாரம் தவறாமல் அக்கா வீட்டுக்கு வந்து விசாரிப்பார்.

"என்ன மாமா, விசேஷம் ஏதாவது உண்டா?"

"முட்டை போட்டிருக்கு."

"அது போன மாசமும் போட்டுச்சே. குஞ்சைக் கேட்டேன்."

"தண்ணி சரியில்ல மச்சான்."

"தண்ணியை நீங்கதானே மாமா ஊருக்கே அனுப்புறீங்க? இப்படிச் சொன்னா நாங்க எதை நம்பிக் குடிக்கிறது?"

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. ஒருநாள் மகள் போன் செய்தாள்.

"அப்பா, அவருக்கு நம்ம ஊருக்கே மாத்தலாயிடுச்சு. வீடு கெடைக்கிற வரைக்கும் என் ரூம்ல இருந்துக்கறோம்."

'என் ரூம்' என்று அவள் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. ஆனாலும் குளோரின்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"அடுத்த மாசக் கடைசில சாமான் வண்டி வருது," என்றார் மனைவி அன்று மாலை. "தவழ்ற குழந்தைய வெச்சுக்கிட்டு இந்த ஹீட்டர் ஒயருக்கும் கண்ணாடிக்கும் நடுவுல எப்படிப் படுப்பாங்க? கடைக்காரர்கிட்ட குடுத்துருங்க."

"இன்னும் ஒரே ஒரு தடவை பாத்துடறேன்."

"ஒரே தடவை. அதுக்கு மேல நானே பக்கெட்ல புடிச்சு ஊத்திருவேன், சொல்லிட்டேன்."

அந்த ஒரு தடவைக்காக அவர் தன் கல்வி முழுவதையும் திரட்டினார். பாதாம் இலைகளைக் காயவைத்து ஊறப்போட்டுத் தண்ணீரைத் தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்தார். வெப்பத்தை நிலைநிறுத்தினார். அவர் வேலையில் இருந்த ஒரு பிற்பகலில் முட்டை விழுந்தது. மறுநாளே வெளுத்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, துக்க வீட்டில் உட்காருகிறவர் மாதிரி கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு பார்த்தார்.

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்: "இந்தத் தடவை கம்மிதான்."

"என்ன கம்மி?"

"முட்டைதான். பெருசு எப்பவும் போல போட்டுச்சு. சின்னதுதான் சரியாப் போடல."

"சின்னது போடாதும்மா. அது ஆம்பள."

"ஓகோ," என்றார் மனைவி. மெஷின் ஒரு தையல் ஓடியது. பிறகு நின்றது. "அப்ப இத்தனை நாளா அது போட்டதெல்லாம் என்னவாம்?"

குளோரின்காரர் ஸ்டூலோடு திரும்பினார். "நீ பாத்தியா?"

"தெனமும் கண்ணு முன்னாடிதான இருக்கு. சாப்பாட்டுக்கு மேல ஆரம்பிக்கும். பெருசு ஒரு வரிசை போட்டுட்டுப் போகும். பின்னாடியே சின்னது வந்து ஒரு வரிசை போடும். வரிசைன்னா அப்படி ஒரு வரிசை, நான் தைக்கறதுகூட அவ்வளவு நேரா வராது."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? தொட்டி விஷயத்துல தலையிடாதன்னுட்டீங்க. மீனுங்க வழக்கம் அப்படித்தான் போலன்னு நானும் இருந்துட்டேன்."

தண்ணீரின் கடினம், அமிலம், சூடு, நிறம் எல்லாவற்றையும் அளந்த மனிதர், தண்ணீருக்குள் இருப்பது யார் என்று மட்டும் விசாரிக்கவில்லை. 'ஒரே தடவை' என்ற கெடுவை மனைவியும் கிளப்பவில்லை. அவர் அடுத்த முட்டைக்கு விடுப்புப் போட்டு, பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்தார். முட்டை போடும் நேரத்தில் மட்டும் வயிற்றுக்கடியில் ஒரு சின்னக் குழல் வெளியே தெரியும். ஆணுக்குக் கூராக, பெண்ணுக்கு மொண்ணையாக. இரண்டும் மொண்ணை. ஆண் துணை கிடைக்காத இரண்டு பெண்கள், கிடைத்ததை வைத்துக் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். அதையும் குறையில்லாமல் நடத்தியிருக்கிறார்கள்.

மீன் கடைக்காரரிடம் போனபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"அவ்வளவு முட்டைன்னு நீங்க சொல்லும்போதே எனக்கு லேசா ஒரு சந்தேகம் சார்."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமாச் சொன்னீங்களே சார், எப்படி வாயத் தொறக்கறது?" என்றவர், மூலைத் தொட்டியிலிருந்து ஒரு கறுப்பு ஏஞ்சலைக் காட்டினார். "இவன் அசல் ஆம்பள. பொண்டாட்டி செத்துப்போச்சு. அனுபவஸ்தன். அந்த ரெண்டுல ஒண்ணப் பிரிச்சுட்டு இவனப் போடுங்க. வண்டி வர்ற அன்னிக்கு நானே ஆளோட வந்து தொட்டியத் தூக்கிக்கறேன்."

பிரிப்பது என்று சொல்லிவிடுவது சுலபம். வலையைக் கையில் வைத்துக்கொண்டு குளோரின்காரர் தொட்டி முன்னால் வெகுநேரம் நின்றார்.

"எதைப் பிரிக்கப் போறீங்க?" என்றார் மனைவி.

"சின்னதை."

"பாவம். ஒண்ணும் தேறாத முட்டைக்கு ரெண்டும் அப்படிக் காவல் காத்துச்சுங்க."

வலை சுவரில் மாட்டப்பட்டது. கறுப்பன் மூன்றாவது ஆளாக உள்ளே விடப்பட்டான். இது மீன் சாஸ்திரத்துக்கு விரோதம். அதன் பலனை அவன் உடனே அனுபவித்தான். இரண்டு பெண்களும் சேர்ந்து அவனை ஹீட்டருக்குப் பின்னால் தள்ளிவிட்டு, சாப்பிடக்கூட வெளியே வரவிடவில்லை. வாலில் பாதி போயிற்று. மச்சினர் வந்து பார்த்துவிட்டு, "வீட்டோட மாப்பிள்ளை நெலமை இதான் மாமா," என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டி வர ஒரு வாரம்கூட இல்லை.

அந்த வாரத்தில் ஒரு பிற்பகல், நீரேற்று நிலையத்தில் போன் அடித்தது. மனைவி அலுவலக நேரத்தில் கூப்பிடுகிறவர் அல்ல.

"கறுப்பன் வெளிய வந்துட்டான்," என்றார்.

"எங்க?"

"டைல்ஸ்கிட்ட. பெருசு ஒரு வரிசை போட்டுச்சா, இவன் அது மேலயே ஒட்டி ஒட்டிப் போறான். சின்னது அடிக்க வருது, ஓடிர்றான். திரும்பவும் வந்துர்றான். ஐயோ, என்ன வீம்பு பாருங்க!"

"நீ கண்ண எடுக்காம பாத்துக்கிட்டே இரு."

"எனக்குச் சாயந்தரம் ரெண்டு ரவிக்கை குடுக்கணும்."

"அதெல்லாம் அப்புறம். இப்ப என்ன பண்றான்?"

குளோரின் சிலிண்டரை விட்டு நகர முடியாது. மாற்றாள் வர நேரமிருந்தது. அதனால் ஒரு கையில் போனும் ஒரு கை வால்விலுமாக நின்றபடியே முழு வர்ணனையையும் கேட்டார். அன்று ஊருக்குக் குளோரின் சரியான அளவில் போயிற்று என்பதை மட்டும் அவருடைய நேர்மைக்காகச் சொல்லிவைக்க வேண்டும். எதிரில் இருந்த பம்ப் ஆபரேட்டர், "வீட்ல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையாண்ணே?" என்று கேட்டார். "இல்லப்பா, நல்லாத்தான் போயிட்டிருக்கு," என்றார் இவர், முகமெல்லாம் வியர்க்க.

முட்டை முடிந்ததும் பெண்கள் இருவரும் கறுப்பன் மேல் பாய்ந்தார்கள். இனி அவனால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. மனைவி மெஷினை விட்டு எழுந்தார். துணைச்சட்டம் உட்பட எல்லாச் சட்டங்களையும் மீறி, முந்தானையில் ஒட்டியிருந்த நூல் தண்ணீரில் உதிர, வலையால் அவனை அள்ளி, துணி நனைக்கும் பக்கெட்டில் தொட்டித் தண்ணீரோடு விட்டார்.

மறுநாள் முட்டைகள் வெளுக்கவில்லை. அதற்கு மறுநாளும் பெரும்பாலானவை தேன் நிறத்திலேயே இருந்தன. பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் முளைத்து, டைல்ஸ் ஓட்டில் ஒட்டிக்கொண்டே துடிக்க ஆரம்பித்தது. கீழே விழுந்ததைப் பெரியது வாயால் பொறுக்கி மறுபடி ஒட்டவைத்தது. இடம் சரியில்லை என்று சின்னது எடுத்து வேறு பக்கம் ஒட்டியது. இந்த நிலையில் தொட்டியை ஆட்டினால் எல்லாம் போயிற்று.

அந்த நிலையில்தான் வண்டி வந்தது. பின்னாலேயே கடைக்காரர் இரண்டு ஆட்களோடு வந்தார். குளோரின்காரர் வாசலுக்கே வரவில்லை. பேரம் பேசத் தெரியாதவர். தொட்டிக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். கையில் அளவுநாடாவோடு வாசலுக்குப் போனவர் மனைவிதான்.

"ரூம் காலியில்ல," என்றார்.

"யாரும்மா இருக்கா?" என்றாள் மகள், குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டே.

"ரெண்டு பேரு. பச்சை ஒடம்பு. நீங்க ஹால்ல படுத்துக்குங்க." பிறகு கடைக்காரரிடம் திரும்பி, "நீங்க காபி சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க," என்றார்.

கட்டிலும் பீரோவும் ஹாலில் இறங்கின. மகள் இரண்டு நாள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அறைக் கதவில் மட்டும், குழந்தை தவழ்ந்து போகாதபடி பலகை ஒன்று குறுக்கே வைக்கப்பட்டது.

மூன்றாம் நாள் காலை குஞ்சுகள் டைல்ஸை விட்டுக் கிளம்பின. ஒரு கைப்பிடி ரவையைத் தண்ணீரில் தூவியது மாதிரி, கலைந்து கலைந்து கூடியது கூட்டம். பெரியது முன்னால் போயிற்று, சின்னது பின்னால் வந்தது. வழிதவறிய ஒன்றைச் சின்னது வாய்க்குள் இழுத்து, கூட்டத்துக்குள் கொண்டுவந்து துப்பியது. குளோரின்காரர் ஸ்டூலில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து, கண்ணாடியில் மூக்குப் படாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் புறப்படும் நேரம் தாண்டியிருந்தது. மனைவி அதை நினைவூட்டவில்லை. அவரும் மெஷினை ஓட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாயில் பிரஷ்ஷோடு மாப்பிள்ளை பலகையைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

"மாமா, இதுல அப்பா எது?"

"இதுல இல்ல மாப்ள. அந்த பக்கெட்டுல பாருங்க."

மாப்பிள்ளை பக்கெட்டைப் பார்த்தார். பாதி வாலோடு கறுப்பன் அடியில் அசையாமல் நின்றான்.

"இவன் ஏன் இங்க இருக்கான்?"

"உள்ள எடம் இல்ல," என்றார் குளோரின்காரர், தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாப்பிள்ளை ஹாலில் விரித்திருந்த தன் பாயை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு பக்கெட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மேலே மிதந்த ஒரு நூல்துண்டை எடுத்துப் போட்டார்.