வெத்து மூட்டை

எங்கள் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் எப்போதும் குளிராக இருக்கும் ஓர் அறை உண்டு. காலையில் அதை நான் துடைப்பேன். நாள் முழுக்க அதைக் காப்பவருக்கு எல்லோரும் வைத்த பெயர் 'காலி'. யாரைப் பார்த்தாலும் வணக்கம் சொல்வதற்கு முன்பே, "எவ்ளோ காலியா இருக்கு?" என்பார். லிஃப்டில் ஏறும்போதும் அதே கேள்விதான். என்னைவிட இளையவர், ஆகவே எனக்குத் தம்பி.

அறையில் இரண்டு இயந்திரங்கள். எந்த நோயாளிக்கு என்ன மருந்து, என்ன ரத்தம் என்பதெல்லாம் பெரியதில் இருக்கும். இன்னொன்று நகல் வைக்கிற இயந்திரம், பேக்கப் சர்வர் என்பார்கள். தம்பி எனக்கு விளக்கியது இப்படி. நர்ஸம்மா எதை எழுதினாலும் பெரிய இயந்திரம் முதலில் ஒரு குறிப்பேட்டில் வரிவரியாகப் பதிந்துகொள்ளும். அதற்கு லாக் என்று பெயர். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நகல் இயந்திரம் அந்த வரிகளை வாங்கிக்கொள்ளும். வாங்கிய பிறகுதான் பெரியது பழைய வரிகளை அழித்து இடம் பண்ணும். வாங்காவிட்டால் ஏடு நிரம்பிக்கொண்டே போகும். முழுக்க நிரம்பினால் அப்புறம் ஓர் எழுத்துகூட ஏறாது. ஆஸ்பத்திரியே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அப்படி ஆகாமலிருக்க அவர் நகல் இயந்திரத்தில் ஒரு பெரிய கோப்பு வைத்திருந்தார். அதற்குள் ஒன்றுமே கிடையாது.

"வெத்து மூட்டை, அக்கா. பஸ்ல துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி. கழுத்து வரைக்கும் வந்துடுச்சுன்னா இதத் தூக்கிப் போட்டுட்டு மூச்சு விட்டுக்கலாம்."

வீட்டிலும் அப்படித்தானாம். "அலமாரில ஒரு தட்டு காலியா வைன்னு சொல்லியே என் உயிர எடுக்குறாரு" என்று அவர் மனைவி என்னிடம் முறையிட்டிருக்கிறாள். நான் துடைத்த ஈரத்தரையில் ஒருநாளும் கால் வைக்க மாட்டார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடப்பார்.

அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் செருப்புக் காலோடு ஈரத்தில் ஓடி வந்தார்.

முந்தைய நாள் அவருக்கு விடுமுறை. அன்று மாலையே நகல் இயந்திரம் நிரம்பி, வரி வாங்குவதை நிறுத்தியிருக்கிறது. திரையில் லாக் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று என்று சிவப்பாக நின்றது. போதாததற்கு, பெரிய இயந்திரத்தின் டிஸ்க் ஒன்றில் பழுது விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

மூட்டையைத் தேடினார். காணோம்.

"அதுவா?" என்றார் பக்கத்து மேசைக்காரர். "உள்ள ஒண்ணுமே இல்லியேன்னு நேத்து நான்தான் அழிச்சேன். பெரிய டாக்டரோட பிரிவு உபசார விழா வீடியோவ இதுல வைக்க மேனேஜர் இடம் கேட்டாரு."

"பேரப் படிச்சீங்களா?"

"'தொடாதே'ன்னு இருந்துச்சு. யாரோ விளையாடுறாங்கன்னு நெனச்சேன்."

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார். தொண்ணூற்று நான்கு.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். "அந்த லாக்க அழிச்சுத் தொலைய்யா. குப்பைதான?"

"சார், நேத்து சாயங்காலத்துல இருந்து நடந்த எதுக்கும் நகல் இல்ல. அந்த லாக்குதான் இருக்கு. அத அழிச்ச பிறகு இந்த டிஸ்க்கும் படுத்துடுச்சுன்னா, யாருக்கு எந்த ஊசி போட்டாச்சுன்னே தெரியாது. போட்டவங்களுக்கே மறுபடி போட்டுடுவாங்க."

"அப்ப வீடியோவ வேற எங்கயாவது மாத்து."

"மாத்த ஒரு மணி நேரம் ஆகும். இப்ப எல்லா வார்டுலயும் எழுதுற நேரம், இருக்கிறது பத்து நிமிஷம்."

"அழிச்சு மட்டும் வச்சுடாத. வேற காப்பி கிடையாது. படம் எடுத்தவர்கிட்டயும் இல்ல. நான் டாக்டரையே கேக்குறேன். அதுக்குள்ள கை வச்சே, வேலை இருக்காது பாத்துக்க." போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

தொண்ணூற்றேழு. மேசைத் தொலைபேசி அலறியது. மூன்றாவது மாடி நர்ஸம்மா. "என்னங்க, மருந்த எழுதினா சுத்திக்கிட்டே நிக்குது?"

எனக்கு எதுவும் செய்யத் தெரியாது. துடைப்பக் கட்டையைப் பிடித்தபடி, ஆண்டவா, இந்தப் பிள்ளைக்கு ஒரு வழி காட்டு என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றெட்டு.

"அக்கா, அந்தக் கதவக் கொஞ்சம் சாத்துங்க."

சாத்தினேன். ஒரு பொத்தான் சத்தம் கேட்டது. வீடியோ போய்விட்டது.

ஆனாலும் எண் இறங்கவில்லை. தொண்ணூற்றொன்பது ஆனது. பிறகு நகல் இயந்திரம் தேங்கிக் கிடந்த வரிகளை வாங்க ஆரம்பித்தது. வாங்கி முடித்ததும் எண் தொண்ணூறு, அறுபது, பன்னிரண்டு என்று சரிந்தது. தம்பி கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

டிஸ்க் படுக்கவில்லை. மாலையில் புதியது மாற்றும் வரை சிமிட்டிக்கொண்டே வேலை செய்தது. அதுதான் மேனேஜருக்குப் பிடி கிடைத்த இடம். "பாத்தியா, ஒண்ணும் ஆகல. அநியாயமா வீடியோவ அழிச்சுட்ட."

"ஒண்ணும் ஆகலல்ல சார்" என்றார் தம்பி. வேலை போகவில்லை. மெமோ வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவராகவே பெரிய டாக்டர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். திட்டினாரா என்று கேட்டேன்.

"இல்லக்கா. செஞ்சது சரிதான்னாரு. அப்புறம் 'மேடையில என் வீட்டுக்காரி பேசினாளே, அதுவும் போச்சா?'ன்னு கேட்டாரு. முப்பது வருஷத்துல அவரப் பத்தி அவங்க நல்லதா பேசினது அன்னிக்கு மட்டுந்தானாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போச்சு சார்னு சொன்னேன். உள்ளேருந்து அந்தம்மா, 'இன்னொரு தடவ எல்லாம் பேச முடியாது'ன்னு குரல் குடுத்தாங்க."

சிரிக்கப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இப்போது புது மூட்டை வைத்திருக்கிறார். 'இதில் ஒன்றும் இல்லை, ஆனாலும் அழிக்காதே, என்னைக் கூப்பிடு' என்று அதற்கு நீளமாகப் பெயர். அதையே தாளில் எழுதிச் சுவரிலும் ஒட்டியிருக்கிறார். அவர் விடுமுறை எடுத்தால், பக்கத்து மேசைக்காரர் காலையில் வந்ததும் திரை முன்னால் குனிந்து, "எவ்ளோ காலியா இருக்கு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறார்.