வளைவில் மட்டும் எரிந்த விளக்கு

அத்தையின் காரில் அந்தச் சிவப்பு விளக்கு வளைவில் மட்டும்தான் எரியும். நேர்ச்சாலையில் எவ்வளவு விரட்டினாலும் எரியாது. தெப்ராவ் பக்கம் ஒரு நீண்ட இடது வளைவு உண்டு. அங்கே என்ஜின் உச்சத்தில் கத்தும்போது ஆயில் விளக்கு ஒரு கணம் கண் சிமிட்டும். அத்தையால் சாலையிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. அதனால் விளக்கைப் பார்ப்பது என் வேலை. அப்போது எனக்கு ஒன்பது வயது.

"எரிஞ்சிச்சாடா?"

"எரிஞ்சிச்சு அத்தை. சொல்றதுக்குள்ள அணைஞ்சிரிச்சு."

"அலமாக்! நாயித்துக்கிழம பந்தயத்த வெச்சிக்கிட்டு இது வேறயா!"

அத்தை அப்பாவின் தங்கை. தொழிற்சாலையில் வேலை. ஜப்பானிலிருந்து பாதியாய் வெட்டி வரும் பழைய கார் ஒன்றின் என்ஜினைத் தம்போய் பட்டறை ஒன்றில் வாங்கித் தன் சின்னக் காரில் மாட்டியிருந்தார். ஞாயிறன்று பந்தயத் திடலில் நேரம் பார்த்து ஓட்டும் போட்டி. அவருக்கு அதுதான் முதல் முறை. லோரி ஓட்டுநரான அப்பாவுக்கு இது பிடிக்கவேயில்லை.

"காடி வேலைக்குப் போறதுக்கு. பறக்கிறதுக்கு இல்ல."

"உங்க லோரி வேகத்துல போனா, நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஜெயிச்சவனுக்குக் கப்பக் குடுத்து அனுப்பிருவாங்கண்ணே."

எனக்கு விளக்குதான் கவலை. அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஆயில் சரியாகவே இருந்தது. இருந்தும் ஏன் எரிகிறது? அம்மாவின் சாப்பாட்டு டப்பாவில் சமையல் எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றிச் சாய்த்தேன். எண்ணெய் முழுவதும் ஒரு பக்கம் ஏறிக்கொள்ள, மறுபக்கம் வெறும் தகரம் பளபளத்தது. வளைவில் ஆயில் இப்படி ஒதுங்கினால், உறிஞ்சும் குழாய்க்குக் காற்றுதானே கிடைக்கும்? நிறைய ஊற்றிவிட்டால் எந்தப் பக்கமும் காயாது. என் கணக்கில் குறையே தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம், அத்தை குளிக்கப் போன நேரத்தில், மீதமிருந்த ஆயில் போத்தலை என்ஜினில் முழுக்கக் கவிழ்த்தேன். நிமிர்ந்தால் அப்பா நின்றிருந்தார். கம்பியை இழுத்துப் பார்த்தார். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி இரண்டு விரல்கடை ஏறியிருந்தது. கம்பியைக் கைலியில் துடைத்துத் திரும்பச் செருகினார்.

"போதும். மூடு."

லோரிக்காரரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் இரண்டாவது சுற்றில் அத்தையின் கார் பின்னால் புகை கிளம்பியது. விளக்கு நேர்ப்பாதையிலேயே எரிந்ததாம். அத்தை உடனே என்ஜினை நிறுத்திப் புல்லில் ஒதுக்கினார். என்ஜின் பிழைத்தது, போட்டி போனது. அளவுக் கம்பியை இழுத்தால், இழுத்து ஆற்றிய தே தாரிக் டீ மாதிரி நுரை. என்ஜினுக்கு அடியில் உள்ள தொட்டியில் ஆயில் அளவுக்கு மேல் ஏறினால், நிமிடத்துக்கு எட்டாயிரம் முறை சுழலும் தண்டு அதை அடித்து நுரையாக்கிவிடும், நுரையை வைத்துப் பம்ப்பால் அழுத்தம் தர முடியாது என்பதெல்லாம், எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகப் பாலிடெக்னிக் போனபிறகு நான் படித்தது.

"யாரு இவ்ளோ ஊத்துனது?"

நான் வாயைத் திறப்பதற்குள், என்னோடு திடலுக்கு வந்திருந்த அப்பாவின் கை என் தோளில் விழுந்தது.

"நான்தான்."

அத்தை அவரையே பார்த்தார்.

அடுத்த ஞாயிறு அப்பாவே காருக்கு அடியில் படுத்திருந்தார். ஆயில் தொட்டியைக் கழற்றி, ஆயில் ஒதுங்காதபடி உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்துத் தம்போய் பட்டறையில் பற்றவைத்துக்கொண்டு வந்திருந்தார். அத்தை பக்கத்தில் குந்தி ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, இத்தன வருசமா லோரி ஓட்டுறீங்க. அளவு தெரியாமயா ஊத்துனீங்க?"

அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது. அப்பாவின் கை மட்டும் வெளியே நீண்டு அடுத்த ஸ்பேனரைக் கேட்டது.

கம்பியைப் பார்த்த பிறகுதான் அவர் 'மூடு' என்றார் என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை. எனக்காக அப்பா இன்னும் அந்தப் பொய்யைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்து, நானும் வாயை இறுக மூடிக்கொண்டேன்.