ஏலக்காட்டுப் பிருகா

ஏலச்செடி ஆளைவிட உயரம். அதன் தூரில் குனிந்து காய் எடுக்கும்போது அடுத்த வரிசையில் இருப்பவளைக்கூடப் பார்க்க முடியாது. அதனால் போடியிலிருந்து ஜீப்பில் மலைமேல் வேலைக்குப் போகும் நாங்கள், அவ்வப்போது "ஊய்" என்று குரல் கொடுப்போம். கேட்டவர்கள் திருப்பி "ஊய்" என்பார்கள். பாம்பு கீம்பு தீண்டவில்லை, ஆள் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

நான் மட்டும் அதற்குப் பதிலாகப் பாடுவேன். நாலு பேர் பார்த்தால் எனக்கு வாயே திறக்காது. செடிக்குள் யார் பார்க்கிறார்கள்? கச்சேரிகளைப் போனில் கேட்டுக் கேட்டுப் பிடித்த பாட்டு. எனக்குப் பித்து பிருகாவின் மேல்தான். ஒரே சொல்லில் குரலை மேலே உருட்டிவிட்டு, மூச்சு விடாமல் கீழே கொண்டுவர வேண்டும். முதலில் எல்லாம் கொழகொழவென்று வந்தது. ஒவ்வொரு சுரமும் காய்ந்த ஏலக்காய் தட்டில் விழுகிற மாதிரி தனித்தனியாக விழப் பல வருஷம் ஆனது.

போன கார்த்திகையில், எங்கள் தெருக் கோயில் பஜனையில் பாடச் சொல்லி, கூட ஜீப்பில் வருகிற பெண்கள் என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். பஜனையில் ஒருவர் ஒரு வரி பாட, கூட்டம் அதைத் திருப்பிப் பாடும். பஜனையை நடத்துகிற அண்ணன் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"நேராப் பாடு ஆத்தா. நீ உருட்டுனா யாரு திருப்பிப் பாடுறது? காட்டுச் சோலிக்குப் போறவளுக்கு வித்தை எதுக்கு?"

தலையாட்டினேன். சாமியைப் பார்த்து, கூட்டத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டேன். முதல் வரியை நேராகப் பாடினேன். கூட்டம் திருப்பியது. இரண்டாவதும் அப்படியே. இத்தனை வருஷம் தேய்த்த குரலைக் கோயிலுக்கு வந்து ஒளிப்பதா என்று கோபம் வந்தது. மூன்றாவது வரியில் குரலை அவிழ்த்துவிட்டேன்.

அண்ணன் மைக்கை அணைத்தார். நான் நிறுத்தவில்லை, உருட்டியதைக் கீழே கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

யாராலும் அதைத் திருப்ப முடியவில்லை. பிறகு, செருப்பு விடுகிற இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஊய்."

அதற்குப் பின்னால் இன்னொன்று. அப்புறம் எங்கள் ஜீப்பு முழுக்க. யாரோ சிரித்தார்கள். இது கோயிலா ஏலக்காடா என்று அண்ணன் அதட்டினார்.

நான் முதல் தடவையாகக் கூட்டத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"அதான் திருப்பிட்டாங்கள்ல, அண்ணே. அடுத்த வரி பாடுறேன்."

அவர் மைக்கைப் போடவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்ததை இன்னும் நீளமாக உருட்டினேன்.