பெரியம்மா பார்த்ததும் சொன்னதும்

இங்கிலாந்தின் லீட்ஸில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் யாரும் யாரையும் நேருக்கு நேர் ‘நீ சொல்வது தப்பு’ என்பதில்லை. ‘ஐ டோன்ட் சீ இட்’ என்பார்கள். அதாவது, அதை நான் பார்க்கவில்லை. கோபம் கூடினால், எவ்வளவு முயன்றும் தன் கண்ணுக்கு அது தட்டுப்படவே இல்லை என்பார்கள். கேட்பவனுக்கு வியர்த்துவிடும். நம்மிடமும் ‘எனக்கென்னமோ அப்படித் தெரியலை’ இருக்கிறது. ஆனால் ‘பாக்கலீங்க’ என்று எங்கள் கொல்லிமலையில் ஒருவர் சொன்னால், அவர் பயந்திருக்கிறார் என்று பொருள். என் பெரியம்மா இருசாயிக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

பெரியம்மாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பெரக்கரை நாடு என்னும் மலைப்பகுதியில் ஒரு சரிவு நிலம். மேலே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, கீழே மரவள்ளி. மிளகு பறிக்க எங்களுக்கு ஒற்றை மூங்கில்தான் ஏணி, அதன் கணுக்கள்தான் படி. ஒருவர் ஏறினால் ஒருவர் அடியில் பிடிக்க வேண்டும். பிடிப்பவர் கையை எடுக்கக் கூடாது. கண்ணும் ஏறியவரின் காலிலேயே இருக்க வேண்டும். பெரியப்பா மாதனுக்கு முழங்கால் சரியாக மடங்காது. அதனால் ஏறுவது பெரியம்மா. “ஏம்ப்பா மாதா, பொண்டாட்டிய மரத்துல ஏத்திட்டு கீழ நின்னு சாமி கும்பிடறியா?” என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேலி பேசுவார்கள்.

போன வருடம் மாசியில் ஒரு காலை, பெரியம்மா ஏணியில் ஏறி மிளகு பறித்துக்கொண்டிருந்தார். முள்ளுக்குறிச்சி மரவியாபாரி மாதேஸ்வரன் பக்கத்து நிலத்து மரங்களை வாங்கியிருந்தான். அவனும் அவனுடைய ஆட்களும் வெட்டிக்கொண்டே வந்து, எல்லைக்கல்லைத் தாண்டி, பெரியப்பாவின் தம்பி ராசுவின் மரத்திலும் ரம்பத்தை வைத்தார்கள். காய்த்த கொடி அறுந்து மண்ணில் விழுந்தது. ராசு ஓடிப்போய் ரம்பக்காரனை நெஞ்சில் உதைத்தார். மற்றவர்கள் அவர்மேல் பாய்ந்தார்கள். கோடாலியின் பின்புறத்தால் முட்டியை உடைத்தார்கள். விழுந்தவரின் கையை ஒருவன் மிதித்துக்கொள்ள, மாதேஸ்வரன் கோடாலியைத் திருப்பிப் பிடித்துத் தோளில் இறக்கினான். ராசு “அண்ணா” என்று கூப்பிட்டார். அடுத்த வெட்டு கழுத்தில் விழுந்தது.

பெரியப்பா ஏணியை விடவில்லை. விட்டிருந்தால் பெரியம்மா பாறையில் விழுந்திருப்பார். முகத்தை மரத்தில் பதித்துக்கொண்டு பெரியப்பா நடுங்க, ஏணியும் நடுங்கியதாம். மாதேஸ்வரன் ரத்தக் கையோடு வந்து பெரியப்பாவைத் தள்ளிவிட்டு மூங்கிலைப் பிடித்து உலுக்கினான். பெரியம்மா மரத்தைக் கட்டிக்கொண்டார்.

“நீ ஒண்ணும் பாக்கல. கேட்டுச்சா?” என்றான்.

ராசுவை ஜீப்பில் ஏற்றினார்கள். மலை இறங்கும் முன்பே உயிர் போய்விட்டது.

ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் கோயில் வாசலில் கூட்டம் போட்டு ஒவ்வொருவராகக் கேட்டார். கொலை நடந்த அன்று அக்கம்பக்க நிலங்களில் ஆள் நிறைய. எல்லோரும் பாக்கலீங்க என்றார்கள். பெரியப்பா, தன் கண் பெண்சாதியின் காலில் இருந்தது என்றார். அதை யாரும் குறை சொல்ல முடியாது. பெரியம்மா மட்டும் எவன் மிதித்தான், எவன் வெட்டினான் என்று பெயர் பெயராகச் சொன்னார். போலீஸிலும் அதையே சொன்னார்.

அந்த வாரமே அவருடைய மிளகுக்கொடிகளை எல்லாம் அடியில் அறுத்துப் போட்டார்கள். நாயைக் கழுத்தறுத்து வாசல் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். ஓடைக்குப் போன பெரியம்மாவின் மணிக்கட்டை இரும்புக் குழாயால் ஒருவன் உடைத்தான். மாதேஸ்வரன் ஜாமீனில் வந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தான்.

எனக்குத் தூக்கம் போயிற்று. ஒரு நாள் நானே பெரியம்மாவைப் போனில் கூப்பிட்டு, லீட்ஸ்காரர்கள் பேசும் விதத்தைச் சொன்னேன். இங்கே எதிர்ப்பதற்கே பார்க்கவில்லை என்றுதான் சொல்கிறார்கள், அதில் கேவலம் ஒன்றுமில்லை, நீங்களும் கோர்ட்டில் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். பெரியம்மா சிரித்தார்.

“அங்க எதுத்தாப்ல இருக்கறவன் உசுரோட உக்காந்திருக்கான் கண்ணு, பதிலுக்குப் பேசிக்குவான். இங்க நானும் பாக்கலைன்னா ராசு தானா உழுந்து செத்தவன் ஆயிருவான்.”

இந்த ஐப்பசியில் நாமக்கல் கோர்ட்டில் சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் சுற்றிச் சுற்றிக் கேட்டுவிட்டு, உன் புருஷனே பார்க்கவில்லை என்கிறார், உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்றார். பெரியம்மா பெரியப்பாவை ஒருமுறை பார்த்தார்.

“தம்பி கூப்புட்டப்ப அவரும் திரும்புனாருங்க. பாத்தாரு.”

திரும்பும் பஸ்ஸில் பெரியப்பா தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார். முள்ளுக்குறிச்சியில் மலை பஸ்ஸுக்காக இறங்கியதும் மாதேஸ்வரனின் தம்பி சுபாஷ் கூட்டத்துக்குள் புகுந்து வந்தான். பெரியம்மாவின் கொண்டையைப் பிடித்து இழுத்து, முகத்தைக் கடைச் சுவரில் மோதினான். பல் உடைந்தது. இரண்டாம் முறையும் மோதினான். கடைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். முறிந்து சரியாகக் கூடாத கையால் பெரியம்மாவுக்குத் தடுக்க முடியவில்லை.

டீக்கடை அடுப்பருகில் கிடந்த விறகுக் கட்டையைப் பெரியப்பா எடுத்தார். மடங்காத காலை இழுத்துக்கொண்டு வந்து சுபாஷின் பிடரியில் அடித்தார். விழுந்த பிறகும் அடித்தார். நான்கு பேர் சேர்ந்துதான் அவரைப் பிரித்தெடுத்தார்கள். சுபாஷ் அசையவில்லை.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். கடைக்காரர்கள் ஒருவரும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள்; இந்த முறை பெரியப்பாவுக்காகச் சொன்னார்கள். சப்-இன்ஸ்பெக்டர் பெரியம்மாவிடம் மெல்ல, “கூட்டத்துல யாரு அடிச்சாங்கன்னு தெரியலைன்னு சொல்லலாமேம்மா” என்றார். பெரியப்பா பெஞ்சில், கையெல்லாம் ரத்தமாக உட்கார்ந்திருந்தார். பெரியம்மா வாயிலிருந்த ரத்தத்தை முந்தானையில் துடைத்தார்.

“எங்க ஊட்டுக்காரர்தானுங்க அடிச்சாரு. நான் பாத்தேன். இதப் பாக்கலைன்னா காலைல கோர்ட்டுல சொன்னத யாருங்க நம்புவா?”

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா தலை நிமிரவில்லை.

“அவ சொல்றது சரிதானுங்க,” என்றார். “எழுதிக்குங்க. ராசுவ வெட்டுனதையும் நான் பாத்தேன், அதையும் எழுதிக்குங்க.”