ஃபிரிட்ஜ் கடையில் கற்ற லிங்காலா

பழைய ஃபிரிட்ஜ்களை வாங்கிச் சரிசெய்து விற்பவர் என்பதால் தெரு முழுக்க அவருக்கு ஃபிரிட்ஜ்காரர் என்றே பேர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரைக் கைகழுவியது. யார் தயவும் இல்லாமல் வெளிநாட்டுக்கு வந்து கடை வைத்தார், மாடி கட்டினார், ஐந்தாறு மொழிகளில் பேரம் பேசினார். யாரும் கேட்காவிட்டாலும் இதையெல்லாம் சொல்லாமல் விடமாட்டார்.

மருத்துவமனையில் வேலை பார்க்கும் அவருடைய ஒரே மகள், கூட வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்வேன் என்றாள். பையன் தங்கம். ஆனால் அவன் அம்மாவுக்கு லிங்காலா என்கிற ஆப்பிரிக்க மொழி தவிர வேறு பேச்சு வராது. பெண் வீட்டைப் பார்க்க அந்த அம்மா வருகிறார். அவர் தலையாட்டினால்தான் கல்யாணம்.

பையனே மொழிபெயர்த்துச் சொல்வான் என்று மகள் சமாதானம் சொன்னாள்.

"என் சம்பந்திகிட்ட நான் பேச எதுக்கும்மா வாடகை வாய்?" என்றார்.

முதலில் படித்தவர்கள் வழியில் போய்ப் பார்த்தார். தலையணை மாதிரி ஒரு இலக்கணப் புத்தகம் வாங்கினார். அது ஆடிக்கொண்டிருந்த ஒரு ஃபிரிட்ஜின் காலுக்கு அணையாகப் போனது. கைபேசியில் ஒரு செயலி தினமும் மணியடித்து அவரைப் பாராட்டியது. மேஜைமேல் சேவல் நிற்கிறது என்று சொல்லக் கற்றுக்கொடுத்தது. எந்தச் சம்பந்தியிடம் போய் இதைச் சொல்வது? பிறகு கதவு, கண்ணாடி, குடம் எல்லாவற்றிலும் லிங்காலாச் சீட்டு ஒட்டினார்.

"என் நெத்தி ஒண்ணுதான் பாக்கி," என்றாள் மனைவி. "அதுலயும் ஒட்டிடுங்க. நான் யாருன்னாவது ஞாபகம் இருக்கும்."

கடைசியில் தன் வழிக்கே திரும்பினார். கடைக்கு லிங்காலா பேசும் வாடிக்கையாளர்கள் நிறைய வருவார்கள். லிங்காலாவிலேயே பேரம் பேசினால் தேநீரும் தள்ளுபடியும் உண்டு என்று அறிவித்தார். முதலில் எண்கள், அடுத்து 'ஏன்', 'முடியாது'. அவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்வது, சிரித்தால் ஏன் சிரிப்பு என்று கேட்பது, வெட்கத்தைக் கல்லாவில் போட்டுப் பூட்டுவது. சில மாதங்களில் பேச்சு தண்ணீர்பட்ட பாடானது. தன்னைப் போல மொழி படிக்க ஆள் பிறக்கவில்லை என்று முடிவெட்டுகிறவர் வரைக்கும் சொல்லியாயிற்று.

அந்த நாளும் வந்தது. சந்தையில் துணி விற்றுப் பிள்ளையை ஆளாக்கிய அந்த அம்மா, நாற்காலி நிறைய உட்கார்ந்து, பெண் எப்படி என்று லிங்காலாவில் கேட்டார்.

ஃபிரிட்ஜ்காரர் தொண்டையைச் செருமினார். குழாயைத் திறந்த மாதிரி லிங்காலா கொட்டியது.

"அடிபடாத சரக்கு. சத்தமே போடாது. ரொம்ப நாள் உழைக்கும்."

மாப்பிள்ளைப் பையன் கூரையைப் பார்த்தான். அவனிடம் அந்த மொழியைக் கற்றிருந்த மகள் அப்பாவை முறைத்தாள். காரியம் கெடுகிறது என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் வாயில் வேறு சரக்கு இல்லை. பாசம் என்ற சொல்லை எந்த வாடிக்கையாளரும் அவரிடம் கேட்டு வாங்கியதில்லை.

அந்த அம்மாவின் முகம் இறுகியது. "அவ்வளவு நல்லதுன்னா ஏன் கைவிடுறீங்க?"

கடையில் எல்லோரும் கேட்கிற கேள்வி. பதிலும் தயாராக இருந்தது. எத்தனையோ ஓட்டை ஃபிரிட்ஜ்களைத் தடவிக்கொண்டே கூசாமல் சொன்ன பொய். அதைத்தான் சொன்னார்.

"கொடுக்க மனசே இல்ல."

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்தது. கண் நிறைந்தது. துண்டைத் தேடினார், கிடைக்கவில்லை. மனைவி முந்தானையை நீட்டினாள்.

அந்த அம்மாவின் முகம் இளகியது. "நானும் கடைக்காரிதான் சம்பந்தி. இதே வார்த்தையச் சொல்லித்தான் தினமும் துணி விக்கிறேன். ஒருநாளும் அழுததில்ல," என்று சொல்லிவிட்டு, மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"சத்தம் போடாதாப்பா?" என்றாள் மகள் தமிழில். "இவங்க கிளம்பட்டும், போடுறேன்."

மறுநாள் முடிவெட்டுகிறவரிடம் ஃபிரிட்ஜ்காரர் மொழி படிக்கும் தன் முறையில் ஒன்றைச் சேர்த்துச் சொன்னார். எந்த மொழியானாலும் சரி, கடைசியில் ரெண்டு சொட்டு விடத் தெரிந்திருக்க வேண்டுமாம். அது எந்தப் புத்தகத்திலும் இல்லையாம்.