ஏரிக்கரைச் சரிவில் நின்ற டிராக்டர்

குப்புராஜ் வீட்டுக்குள் நுழையும் முன் சட்டையைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டிவிடுவார். இருபத்தாறு வருடமாக இதுதான் வழக்கம். உள்ளே அவர் மனைவி கற்பகம் பட்டுத் தறியில் உட்கார்ந்திருப்பார். பேட்டரி ஆசிட் ஒரு சொட்டு தறியின் பாவு நூலில் பட்டாலும் பத்து நாள் வேலை பாழ். கல்யாணமான புதிதில் ஒருமுறை பட்டும்விட்டது. கற்பகம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வாரம் அடித்த ஆணிதான் அது.

நெசவுக் குடும்பத்தில் பிறந்துவிட்டு டிராக்டர் வயரிங் பார்க்கப் போகிறானே என்று சொந்தக்காரர்கள் கேலி பேசியதுண்டு. இன்று களம்பூரிலிருந்து தேசூர் வரைக்கும் முப்பது, நாற்பது வயதான டிராக்டர் ஏதாவது மக்கர் செய்தால் போன் இவருக்குத்தான் வருகிறது. மீட்டரை வைத்து வோல்ட் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார். "அளக்காம சொல்றது ஜோசியம். அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க" என்பார். வண்டி இருமினாலே பேட்டரியை மாற்றச் சொல்லும் ஆட்கள் நிறைந்த தொழிலில் இப்படி ஒருவர் இருப்பதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

அப்பேர்ப்பட்டவர் போன தை மாதம் ஜோசியம் சொல்லிவிட்டார்.

தேவிகாபுரம் பக்கத்திலிருந்து பொன்னியம்மாள் போன் செய்தபோது, அவர் ஒரு டைனமோவைப் பிரித்துப் போட்டுவிட்டு அதன் நட்டு ஒன்றைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தார்.

"சாவி போட்டா டக்குனு ஒரு சத்தம் வருதுங்கண்ணா. அதோட சரி. செல்ஃப் மோட்டாரு சுத்த மாட்டேங்குது."

"பேட்டரி வாங்கி எத்தினி வருசமாச்சுமா?"

"மூணு."

"ஆயுசு முடிஞ்சிருக்கும். மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் நட்டைத் தேடப் போய்விட்டார்.

பொன்னியம்மாளுக்கு அந்தப் பழைய சிவப்பு டிராக்டர்தான் பிழைப்பு. கணவர் அருணாச்சலத்துக்கு முதுகுத் தண்டில் அடிபட்டதிலிருந்து பொன்னியம்மாளேதான் ஓட்டிக் கூலிக்கு உழுகிறார். செல்ஃப் எடுக்காததால் வேலை முடிந்ததும் வண்டியை ஏரிக்கரைச் சரிவில் ஏற்றி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடப்பார். காலையில் கல்லை எடுத்தால் வண்டி உருண்டு இறங்கும். கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். டீசல் என்ஜின் ஒருமுறை ஓடத் தொடங்கினால் அப்புறம் பேட்டரி தேவையில்லை. அதனால் சாப்பிடும்போதும் அணைக்க மாட்டார். அது பாட்டுக்கு உறுமிக்கொண்டே நிற்கும்.

புது பேட்டரி போட்டும் அதே டக். நவரைப் பட்ட நெல் நடவுக்கு உழும்போது சேற்றுக்குள் என்ஜின் நின்றுவிட்டது. சேற்றில் யார் தள்ளுவது? நிலத்துக்காரர் வேறு டிராக்டரைக் கூப்பிட்டுக்கொண்டார். அடுத்தடுத்து வேலை சொல்லியிருந்தவர்களும் அந்த டிராக்டர் பக்கமே போய்விட்டார்கள்.

புதன்கிழமை பொன்னியம்மாள் மறுபடியும் போன் செய்தார். திட்டியிருந்தால்கூடக் குப்புராஜுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"வெள்ளிக்கிழமை வண்டிய பழைய இரும்புன்னு எடைக்குப் போடப் போறேங்கண்ணா. புது பேட்டரிய நாங்களே கழட்டலாமா, ஷாக் அடிக்குமா? அதான் கேக்கலாம்னு."

"நான் வர்ற வரைக்கும் ஒரு ஸ்க்ரூ கூட கழட்டாதீங்கமா" என்றார் குப்புராஜ்.

வியாழக்கிழமை விடிந்ததும் ஏரிக்கரையில் நின்றார். மீட்டரைப் பேட்டரியில் வைத்தார். பன்னிரண்டரை வோல்டுக்கு மேலேயே இருந்தது. பொன்னியம்மாள் சாவியைத் திருப்பினார். டக். செல்ஃப் சுற்றினால் பேட்டரியின் வோல்ட் சட்டென்று இறங்கும். இங்கே துளிதான் அசைந்தது. பேட்டரி கொடுக்கத் தயாராக இருக்கிறது, வாங்கிக்கொள்ளத்தான் வழியில்லை என்று அவருக்குப் புரிந்தது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றை என்ஜின் பாடியிலும் வைத்து மறுபடியும் திருப்பச் சொன்னார். ஒன்றுமே காட்டக் கூடாத இடத்தில் ஏழு வோல்ட் காட்டியது.

"இது எப்பலேர்ந்துமா?"

"ஆயுத பூசைக்கு அப்பறம்தாங்க."

பூசைக்கு என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. பேட்டரியின் நெகட்டிவிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரைத் தடவிக்கொண்டே போய், அது பாடியில் முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினார். அடியில் குங்குமம் போல் பளபளவென்று சிவப்புப் பெயிண்ட். பூசைக்காக அருணாச்சலம் சொல்லச் சொல்லப் பொன்னியம்மாள் வயர்களையெல்லாம் கழற்றி, ஒரு இண்டு இடுக்கு விடாமல் பெயிண்ட் அடித்து, அதன்மேலேயே திரும்பவும் முடுக்கியிருக்கிறார். போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வர அந்தப் பெயிண்ட் விடவில்லை.

குப்புராஜ் உப்புத்தாளால் அந்த இடத்தை இரும்பு வெளுக்கும்வரை தேய்த்தார். புது பேட்டரியை இறக்கிவிட்டுப் பழையதையே சார்ஜ் பார்த்து மாட்டினார். சாவியைத் திருப்பியதும் செல்ஃப் சுற்றியது. என்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்தது.

"இப்ப ஆஃப் பண்ணுங்க."

பொன்னியம்மாளின் கை என்ஜினை அணைக்கும் ஸ்டாப் கம்பிவரை போய் நின்றுவிட்டது. "வேணாங்கண்ணா. ஓடிகினு இருக்குதே."

"இழுங்கமா. நான் இருக்கேன்."

இழுத்தார். திருப்பினார். ஓடியது. ஏழு முறை அப்படிச் செய்தார். ஏழாவது முறை பொன்னியம்மாளின் கண் கலங்கியிருந்தது.

கரையில் வேடிக்கை பார்க்க நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படியே குப்புராஜ் சொன்னார்: "பேட்டரி மேல தப்பே இல்ல. அளக்காம சொன்னது நான். புதுச நானே எடுத்துகினு போயி கடையில வாபஸ் குடுக்கறேன்." இதைச் சொல்ல யாரும் அவரைக் கேட்கவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

அன்று அவர் ஊருக்குத் திரும்பவில்லை. லைட், ஹாரன் எல்லாவற்றையும் சரிபார்த்து வண்டியை உழவுக்கு அனுப்பினார். சாயங்காலம் வரைக்கும் அருணாச்சலத்தின் கட்டில் பக்கத்திலேயே காத்திருந்தார். நாள் முழுக்க ஓடிய பிறகும் செல்ஃப் எடுக்கிறதா என்று பார்க்காமல் போக அவருக்கு மனசு வரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் டிராக்டர் சத்தம் ஏரிக்கரைப் பக்கம் திரும்பியது.

"கரைக்குத்தான் போறா" என்றார் அருணாச்சலம். "பழக்கம்."

பாதித் தூரத்தில் சத்தம் தணிந்தது. வண்டி சற்றுநேரம் அங்கேயே உறுமிக்கொண்டு நின்றது. பிறகு நெருங்கி வந்தது. பொன்னியம்மாள் வீட்டு முன்னால், சமதரையில், வண்டியை நிறுத்தி ஸ்டாப் கம்பியை இழுத்தார். யாரும் சொல்லாமலே ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிடித்தது. மறுபடியும் அணைத்துவிட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"நாளைக்கு எடைக்காரன் வருவானே, இன்னா சொல்றது?" என்று அருணாச்சலம் கேட்டார்.

"வந்தா நீயே சொல்லி அனுப்பு. காலையில நான் உழவுக்குப் போயிருப்பேன்."