பம்பரின் மறு ஓரம்

சுந்தராபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் கிருபாசங்கருக்கு ஒரு கொள்கை உண்டு. கையில் ஸ்பேனர் இருக்கிறவன் எதையும் ரிப்பேருக்குக் கொடுக்கக் கூடாது. மிக்ஸி, மோட்டார், மாமனாரின் பல்செட் வரைக்கும் அவரே பார்த்திருக்கிறார். பல்செட் மட்டும் அப்புறம் சரியாக உட்காரவில்லை.

இன்னொரு குணமும் உண்டு. சந்தேகம் வந்தால் கேட்க மாட்டார். காரின் பின்பம்பர் கிழிந்து கிடந்த அன்று, எதிர்வீட்டு அரங்கசாமியின் டெம்போதான் இடித்திருக்கும் என்று முடிவு கட்டினார். பதினைந்து வருஷமாகத் தினமும் பேக்கரியில் சேர்ந்து டீ குடிக்கிற மனிதர். முகத்துக்கு நேரே எப்படிக் கேட்பது? ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மன் கோயில் நீதிக்கல்லில், "இடிச்சவனை நீயே பாத்துக்க, ஆத்தா" என்று மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வந்தார். டீயும் பேச்சும் அன்றோடு நின்றன. அரங்கசாமி எதிரே வந்தால் இவர் செல்போனைப் பார்ப்பார்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் பழைய பெட்ஷீட்டை விரித்துப் பம்பரைக் கழற்ற உட்கார்ந்தார். சக்கரத்தின் மேல்வளைவில் ஸ்க்ரூ, அடியில் கிளிப், டிக்கியைத் திறந்தால் விளக்குக்குக் கீழே இரண்டு போல்ட். சென்சார் ஒயரை எடுத்துவிட்டு இரண்டு ஓரத்தையும் இழுத்ததும் பம்பர் கையோடு வந்தது. உள்ளேயிருந்து பச்சைப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று உருண்டு விழுந்தது.

அவர் வீட்டு வாசல் குழாயின் திருகு. பம்பர் கிழிந்திருந்த அதே நாளில் உடைந்து கிடந்த குழாயைத் தண்ணீர் லாரிக்காரனைத் திட்டிக்கொண்டே மாற்றியதும் அவர்தான். அதற்கு முந்தின ராத்திரி கொட்டும் மழையில், பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு காரைப் பின்னால் எடுத்ததும் அவரேதான். அரைத்த மிளகாய் யார் தலையில் விடியும் என்பது கிருபாசங்கருக்கு அப்போதுதான் உறைத்தது.

கிழிசலை உள்பக்கமாக உருக்கி ஒட்டினார். கழற்ற ஒரு ஆள் போதும். மாட்டும்போது இரண்டு ஓரமும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் நழுவியது. மனைவி லோகப்பிரியாவும் பொள்ளாச்சிக்குப் போயிருந்தாள். நாலாவது தடவை நழுவாமல் நின்றது.

"நீங்க அமுக்குங்க தம்பி, நான் இங்க புடிச்சுக்கறேன்." மறு ஓரத்தில் அரங்கசாமி குந்தியிருந்தார்.

பம்பர் டக்கென்று உட்கார்ந்தது. கிருபாசங்கருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. திருகை நீட்டினார்.

"இடிச்சது நானேதானுங்கண்ணா. உங்க டெம்போன்னு நெனச்சு மொளகா அரைச்சுப்போட்டனுங்க."

"நீங்க இடிச்சது எனக்குத் தெரியுமுங்க. நான் வாசல்லதான் நின்னுட்டிருந்தேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்லங்க?"

"மூஞ்சிக்கு நேரா எப்படிங்க சொல்றது? சொந்தக் குழாயையே இடிச்ச கூச்சத்துலதான் நீங்க பேசறதில்லையாட்ட இருக்குதுன்னு விட்டுப்போட்டேன்."

கிருபாசங்கர் குனிந்து பெட்ஷீட்டை மடிக்க ஆரம்பித்தார்.

"வெள்ளிக்கிழமை போயி அம்மனுக்கு எண்ணெய் சாத்திக் குளுர வெச்சுட்டு வந்துரலாமுங்க," என்றார் அரங்கசாமி.

"காரை எடுத்துக்கலாமுங்கண்ணா."

அரங்கசாமி புதுக் குழாயை ஒரு தரம் பார்த்தார்.

"என்ற டெம்போவுலயே போயிரலாமுங்க, தம்பி."